கெப் வாகனத்தை உயர்த்துவதற்கு முன்: லிஃப்ட் கிட் தெரிவு செய்வோருக்கு ஓர் எளிய விளக்கம்

மாரி தொடங்கி, திருகோணமலை மாவட்டத்தின் தம்பலகாமம், கிண்ணியா, மூதூர்ப் பக்கங்களில் வயற்பாதைகள் சேறாகி, சப்பாத்துப் பாலங்கள் எனப்படும் தாழ்வான பாலங்களின் மேல் நீர் ஏறத் தொடங்கியதும், டபிள் கெப் வைத்திருப்போர் பலருக்கு வாகனத்தைக் கொஞ்சம் உயர்த்திவிட்டால் நல்லது என்ற எண்ணம் வருகிறது. கராஜுக்குச் சென்றதும் அவர்கள் கேட்கும் முதற் கேள்வி, "எத்தனை இஞ்சி உயர்த்தலாம்?" என்பதாகவே இருக்கிறது. அந்தக் கேள்வியை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டு, "இந்த வாகனம் நாளாந்தம் எவ்வளவு பாரம் சுமக்கிறது?" என்பதை முதலிற் கேட்க வேண்டும் என்று விளக்குவதற்காகவே இதனை எழுதுகிறேன். பாரத்தைக் கணக்கிலெடுக்காமல் வாங்கிய லிஃப்ட் கிட், அதாவது வாகனத்தை உயர்த்தும் உதிரிப்பாகத் தொகுதி, விலை எவ்வளவு கூடியதாக இருந்தாலும், அளவு பொருந்தாத செருப்பைப் போல ஓடும் தூரமெல்லாம் தொந்தரவு கொடுத்துக்கொண்டே இருக்கும்.

வாகனத்தின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் அமுங்கி எழும்போது உண்டாகும் ஆட்டத்தை அடக்குவது ஷொக் அப்ஸோர்பர். வாகனம் நிற்கும் உயரத்தைத் தீர்மானிப்பது ஸ்பிரிங்கே என்பதால், ஷொக்கை மட்டும் மாற்றி உயரம் தேட முடியாது. பெரும்பாலான கெப் வாகனங்களின் பின்புறத்தில், இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே அச்சு, தகடுகளை அடுக்கிக் கட்டிய லீஃப் ஸ்பிரிங்கோடு பொருத்தப்பட்டிருக்கும். முன்புறத்திலோ ஒவ்வொரு சக்கரமும் மேலும் கீழுமாக ஆர்ம் எனப்படும் இரண்டு இரும்புக் கைகளால் தனித்தனியே தாங்கப்படுகிறது. அங்கே சுருள் ஸ்பிரிங் இருக்கிறதா, முறுக்குத் தண்டு, அதாவது டோர்ஷன் பார், இருக்கிறதா என்பது மொடலையும் ஆண்டையும் பொறுத்தது. 2004 இல் அறிமுகமான ஹைலக்ஸ் விகோவிலும் அதற்குப் பிந்தியவற்றிலும் சுருள் ஸ்பிரிங் உள்ளது. அதற்கு முந்திய 1997 முதல் 2004 வரையான நான்கு சக்கர இயக்க ஹைலக்ஸ் பலவற்றிலும், 2002 முதல் 2011 வரையான முதலாம் தலைமுறை இசுசு டீமெக்ஸின் நான்கு சக்கர இயக்க வகையிலும் டோர்ஷன் பார் உள்ளது. ஆகவே "ஹைலக்ஸுக்கான கிட்" என்று பொதுவாகக் கேட்டு வாங்குவதில் பொருளில்லை. மொடல் இலக்கத்தையும் உற்பத்தி ஆண்டையும் சொல்லியே கேட்க வேண்டும்.

வாகனத்தை உயர்த்த மூன்று வழிகள் உள்ளன. செசி எனப்படும் அடிச்சட்டத்துக்கும் மேற்கூடான பொடிக்கும் இடையே கட்டைகள் வைத்துப் பொடியை மட்டும் தூக்குவது ஒன்று. ஸ்பிரிங்கை மாற்றிச் செசியையே உயர்த்துவது மற்றொன்று. பெரிய டயர் போடுவது மூன்றாவது. இவற்றுள் நாம் பேசுவது இரண்டாவது வழியைப் பற்றி. ஆனால் இங்கே பலருக்கும் தெரியாத ஓர் உண்மை இருக்கிறது. ஸ்பிரிங்கும் ஷொக்கும் சேர்ந்த சஸ்பென்சனை 2 அங்குலம், அதாவது ஏறத்தாழ 50 மில்லிமீற்றர், உயர்த்தினாலும், பின் அச்சின் நடுவில் குண்டாகத் தொங்கும் டிஃபரென்ஷியல் என்ற பற்சக்கரப் பெட்டி நிலத்திலிருந்து ஒரு மில்லிமீற்றர்கூட உயர்வதில்லை. அந்த அச்சு சக்கரங்களோடு சேர்ந்தே நிற்பதால், அதனை உயர்த்தக்கூடியது டயர் மட்டுமே. 265/65 ஆர் 17 டயரின் விட்டம் ஏறத்தாழ 776 மில்லிமீற்றர். 265/70 ஆர் 17 டயரின் விட்டம் ஏறத்தாழ 803 மில்லிமீற்றர். விட்டத்தில் 27 மில்லிமீற்றர் கூடினால், அச்சு அதில் பாதியளவு, அதாவது 13 மில்லிமீற்றரளவு உயரும். கூடவே, முன்பு சரியாகக் காட்டிய வேகமானி 60 என்று காட்டும்போது வாகனம் உண்மையில் 62 இல் ஓடிக்கொண்டிருக்கும். சஸ்பென்சன் உயர்த்துவதால் கிடைக்கும் பயன் வேறு: செசி, எரிபொருள் தாங்கி, கியர்பெட்டி, படிப்பலகை ஆகியவை நிலத்தை விட்டு விலகும், மேட்டில் ஏறத் தொடங்கும்போது முன் பம்பர் இடிக்காத கோணம் கூடும், சற்றுப் பெரிய டயருக்கு இடமும் கிடைக்கும். உங்கள் வாகனம் எந்த இடத்தில் தட்டுகிறது என்று குனிந்து பார்த்து, அடியிலுள்ள கீறல்களைத் தடவிப் பாருங்கள். கீறல் டிஃபரென்ஷியலில் இருந்தால், கிட்டுக்குச் செலவிடும் பணம் அந்தக் குறையைத் தீர்க்காது.

இனிப் பாரத்துக்கு வருவோம். கிளிவெட்டியில் நெற்செய்கை செய்யும் என் சித்தப்பா ஒருமுறை தொலைபேசியில், "தம்பி, ரெண்டு இஞ்சி கிட் ஒண்டு போடப்போறன், எது நல்லது?" என்று கேட்டார். போய்ப் பார்த்தபோது, பல ஆண்டுகளாக நெல் மூட்டையும் உரமும் ஏற்றிய அவருடைய கெப்பின் பின்புறம், ஒரு பாரமும் இல்லாமலேயே தாழ்ந்து நின்றது. இடப்பக்கம் வலப்பக்கத்தைவிடக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கீழே இருந்தது. அவருக்கு வேண்டியிருந்தது உயர்த்தும் கிட் அன்று. இழந்த உயரத்தைத் திருப்பித் தரும் புதிய லீஃப் ஸ்பிரிங் அடுக்குகளே. அவற்றையும், இணைப்புகளிலுள்ள ரப்பர் புஷ்களையும் மாற்றிய பின் அவர் வேறெதையும் கேட்கவில்லை. பழைய வாகனம் வைத்திருப்போரில் பலர் இதே நிலையில்தான் இருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

எனவே எதையும் வாங்குவதற்கு முன், சமதரையில் வாகனத்தை நிறுத்தி, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து அதற்கு நேர்மேலே உள்ள மட்கார்ட் விளிம்பு வரை அளவு நாடாவால் நான்கு மூலைகளிலும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். நிலத்திலிருந்து அளந்தால் டயரின் தேய்மானமும் காற்றும் கணக்கைக் குழப்பிவிடும் என்பதாலேயே சக்கரத்தின் நடுவிலிருந்து அளக்கிறோம். ஒருமுறை வெறுமையாகவும், இன்னொருமுறை வழமையான பாரத்துடனும் அளவெடுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே உங்கள் ஸ்பிரிங்கின் இயல்பைச் சொல்லிவிடும். எடுத்துக்காட்டாக, பின்புறத்தில் 400 கிலோ ஏற்றியபோது 40 மில்லிமீற்றர் தாழ்ந்தால், ஒவ்வொரு 100 கிலோவுக்கும் 10 மில்லிமீற்றர் தாழ்கிறது என்று பொருள். ஒருவர் கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து பனிக்கட்டியோடு மீன் பெட்டிகள் ஏற்றி நாளாந்தம் ஓடுகிறார். இன்னொருவர் அலுவலகத்துக்கும் வீட்டுக்குமாக ஓடி, மாதத்தில் ஒரு நாள் மட்டும் சீமெந்து ஏற்றுகிறார். இவ்விருவருடைய வாகனமும் ஒரே மொடலாக இருந்தாலும், இருவருக்கும் ஒரே ஸ்பிரிங் பொருந்தாது.

நல்ல உற்பத்தியாளர்கள் தங்கள் பின் ஸ்பிரிங்குகளை நிலையான பாரத்தின்படியே வகுத்து விற்கிறார்கள். வெறுமையாக ஓடும் வாகனத்துக்கு ஒன்று, நிலையாக 300 கிலோ சுமக்கும் வாகனத்துக்கு ஒன்று என்ற வகையில் அந்தப் பிரிப்பு இருக்கும். "நிலையாக" என்ற சொல்லே இங்கு முக்கியமானது. பின்பெட்டி மூடி, இரும்புச் சட்டம், எப்போதும் கூடவே செல்லும் கருவிப்பெட்டி ஆகியவை நிலையான பாரம். இறக்கிவைக்கும் மூட்டைகள் அப்படியன்று. பாரமான வாகனத்துக்கு உரிய ஸ்பிரிங்கை வெறும் வாகனத்துக்குப் போட்டால், குறித்த 2 அங்குலத்துக்கு மேலாகவே பின்புறம் உயர்ந்து நிற்கும். குழிகளில் சக்கரம் அமுங்காமல் துள்ளும். ஈரத் தெருவில் திடீரெனப் பிரேக் பிடிக்கும்போது துள்ளும் சக்கரத்துக்குப் பிடிமானம் இருக்காது. முன்புறத்திலும் இதே கணக்குத்தான்: இரும்பு புல்பார் பொருத்திய வாகனத்துக்கும் பொருத்தாததற்கும் வெவ்வேறு சுருள்கள் வேண்டும். இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கடினமான ஸ்பிரிங் போட்டதால் வாகனம் சுமக்க அனுமதிக்கப்பட்ட எடை கூடுவதில்லை. அச்சும், செசியும், பிரேக்கும், சக்கரத் தாங்கிகளும் பழையவையாகவே இருக்கின்றன.

முன்புறத்தை உயர்த்த மலிவான வழி, சுருளும் ஷொக்கும் சேர்ந்த தொகுதியின் மேல் ஸ்பேசர் எனப்படும் வளையம் ஒன்றை வைப்பது. அந்தத் தொகுதி கீழ் ஆர்மின் இடைப்பகுதியில் பொருத்தப்பட்டிருப்பதால், 25 மில்லிமீற்றர் வளையம் சக்கரத்தில் ஏறத்தாழ 50 மில்லிமீற்றர் உயர்வைத் தருகிறது. வளையத்தின் தடிப்பைப் பார்த்து "இது ஒரு இஞ்சிதானே" என்று ஏமாறுவோர் உண்டு. இந்த முறையில் ஸ்பிரிங்கும் ஷொக்கும் பழையவையாகவே இருக்கும். சக்கரம் கீழே தொங்கும் தூரம் மட்டும் கூடி, மேல் ஆர்மின் முனையிலுள்ள, போல் ஜொயின்ட் எனப்படும் உருண்டை மூட்டும், சக்கரத்துக்கு விசையைக் கொண்டு செல்லும் சீவி ஜொயின்ட்டும் அவற்றுக்கு உரிய கோணத்தைத் தாண்டத் தொடங்கும். என் சொந்த வாகனத்தில் ஒரு கராஜ்காரர் இவ்வாறு இரண்டரை அங்குலம் உயர்த்தித் தந்தார். சில மாதங்களில் சீவி ஜொயின்ட்டின் ரப்பர் உறை மடிப்பில் மடிப்பு உரசிக் கிழிந்து, கிரீஸ் முழுவதும் சக்கரத்தின் உட்புறம் தெறித்து, நிலாவெளி மணல் உள்ளே போய், வளைவுகளில் "டக் டக்" என்ற சத்தம் தொடங்கியது. வளையத்தில் மிச்சம் பிடித்த பணத்தைவிடப் பல மடங்கு அந்த ஜொயின்ட்டுக்குச் செலவாயிற்று. அந்த அனுபவத்துக்குப் பிறகு, முன்புறத்துக்கு உரிய நீளத்துச் சுருளும், அந்தச் சுருளுக்கென அமைந்த ஷொக்கும் சேர்ந்தே வாங்குங்கள் என்று கேட்போருக்கெல்லாம் சொல்லி வருகிறேன். தனித்தனிச் சக்கர அமைப்புள்ள கெப்புகளுக்கு 2 அங்குலத்தைச் சுற்றிய அளவு பாதுகாப்பான எல்லை. அதைத் தாண்ட விரும்புவோர் வேறு கோணத்துடன் செய்யப்பட்ட மேல் ஆர்ம்களையும் வாங்க வேண்டும். 4 அங்குலத்தை எட்டினாலோ முன் டிஃபரென்ஷியலையே கீழிறக்கும் தாங்கிகள் தேவைப்படும். டோர்ஷன் பார் உள்ள வாகனங்களில் ஒரு போல்ட்டை முறுக்கினால் முன்புறம் உயரும் என்பதால் செலவே இல்லை என்று தோன்றும். ஆனால் அப்படி முறுக்கும்போது சக்கரம் கீழ்நோக்கி இறங்கும் தூரம் குறைந்து, ஒவ்வொரு பள்ளத்திலும் மேல் ஆர்ம் தடுப்பு ரப்பரில் மோதத் தொடங்கும். சிறிதளவு மட்டும் முறுக்கலாம். கைக்குக் கிடைக்கிறதே என்று முறுக்கிக்கொண்டே போகக் கூடாது.

பின்புறத்துக்கும் குறுக்கு வழிகள் உள்ளன. அச்சுக்கும் லீஃப் ஸ்பிரிங்குக்கும் இடையே இரும்புக் கட்டை வைக்கலாம். சிறிய கட்டை ஒன்று, அச்சையும் ஸ்பிரிங்கையும் சேர்த்துக் கட்டும், உரிய நீளமுள்ள புதிய யூ போல்ட்டுகளுடன் பொருத்தப்பட்டால் ஏற்கத்தக்கதே. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கட்டைகளை அடுக்குவது எந்நிலையிலும் கூடாது. கட்டை உயர உயர, வேகமெடுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் அச்சு முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங்கை எஸ் வடிவில் வளைக்கும். லீஃப் ஸ்பிரிங்கின் முனையைச் செசியோடு இணைக்கும் ஷக்கிளை நீட்டும் வழியில், நீட்டிய அளவில் பாதியே உயர்வாகக் கிடைக்கும். அச்சும் சாய்ந்து, பின் அச்சுக்கு விசையைக் கொண்டு செல்லும் புரொப்பெலர் ஷாஃப்ட்டில் அதிர்வு தோன்றலாம். பழைய அடுக்கில் ஒரு புதிய தகட்டைச் சேர்ப்பது ஓரளவு நல்ல வழி என்றாலும், களைத்துப்போன தகடுகளோடு புதியது ஒன்று சேர்ந்து உழைக்கும்போது பாரத்தின் பெரும்பங்கு அந்த ஒன்றின் மீதே விழுகிறது. முழு அடுக்கையும் மாற்றுவதே சரியான வழி.

பின்புறத்தைத் தொடும் எவரும் மறக்கக் கூடாத ஒரு சிறு உறுப்பு இருக்கிறது. பல கெப் வாகனங்களில், செசியில் பொருத்திய ஒரு வால்விலிருந்து மெல்லிய கம்பி ஒன்று பின் அச்சுக்குச் செல்லும். பாரம் ஏறி வாகனம் தாழும்போது, அந்தக் கம்பியின் வழியே அதனை உணர்ந்து, பின் பிரேக்குகளுக்குக் கூடுதல் அழுத்தத்தை அனுப்புவது அந்த வால்வின் வேலை. நீங்கள் பின்புறத்தை 50 மில்லிமீற்றர் உயர்த்திவிட்டால், வாகனம் எப்போதும் வெறுமையாகவே இருக்கிறது என்று அது எடுத்துக்கொள்ளும். பின்பெட்டி நிறையப் பாரத்துடன் இறக்கத்தில் இறங்கும்போது, பின் சக்கரங்கள் செய்ய வேண்டிய பிரேக் வேலையை முழுமையாகச் செய்யாமல், கூடுதற் சுமை முன் பிரேக்கின் மீது விழும். கம்பி அச்சில் பொருந்தும் தாங்கியை உயர்த்தியோ கம்பியின் அளவைச் சரிசெய்தோ இதனைத் தீர்த்துவிடலாம்; அதிக வேலையில்லை. ஆனால் உயர்த்திய பல வாகனங்களின் கீழே குனிந்து பார்த்தால், அந்தக் கம்பி தொடப்படாமல் அப்படியே இருப்பதைக் காண்கிறேன். தெரிவு செய்யும் கிட்டில் இதற்கான பகுதி இருக்கிறதா, பிரேக் குழாய்களும் ஏபிஎஸ் வயர்களும் சக்கரம் முழுவதுமாகத் தொங்கும்போது இழுபடாமல் இருக்குமா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள்.

உயரம் கூடினால் கவிழும் வாய்ப்பும் கூடுகிறது. இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் இடைப்பட்ட தூரத்தின் பாதியை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் கிடைக்கும் எண், வாகனம் பக்கவாட்டில் எவ்வளவு உறுதியாக நிற்கும் என்பதைக் காட்டும். சக்கர இடைவெளி 1500 மில்லிமீற்றர், ஈர்ப்பு மையம் 700 மில்லிமீற்றர் உயரத்தில் என்று ஓர் எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொண்டால், அந்த எண் 1.07. உயர்த்தியபின் மையம் 40 மில்லிமீற்றர் மேலேறினால் அது 1.01 ஆகிறது. கூரைமேல் பாரம் கட்டினால் இன்னும் குறையும். கந்தளாயிலிருந்து ஹபரணை நோக்கிச் செல்லும் வீதியில் இரவில் யானை குறுக்கிட்டு, நொடிப்பொழுதில் ஸ்டியரிங்கைத் திருப்ப நேரும்போது, இந்தச் சிறு வேறுபாட்டுக்கு எவ்வளவு பெறுமதி என்பது விளங்கும். குடும்பத்தை ஏற்றிச் செல்லும் வாகனத்துக்கு 2 அங்குலத்துக்கு மேல் நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை.

வெள்ளத்துக்காக உயர்த்த நினைப்போருக்கு ஒரு சொல். 2015 இற்குப் பிந்திய ஹைலக்ஸுக்கு 700 மில்லிமீற்றரும், 2011 இல் வந்த நான்கு சக்கர இயக்க ஃபோர்ட் ரேஞ்சருக்கு 800 மில்லிமீற்றரும் நீரில் இறங்கும் ஆழ எல்லையாக உற்பத்தியாளர்களாற் குறிக்கப்பட்டுள்ளன. சஸ்பென்சன் கிட் இந்த எல்லையைத் தள்ளிவிடும் என்று எண்ண வேண்டாம். சூடான டிஃபரென்ஷியல் குளிர்ந்த நீரில் மூழ்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல்களின் வழியே நீரை உறிஞ்சும். அதன் மூச்சுக்குழாயை நீட்டி எஞ்சின் அறைவரை கொண்டுபோவது கிட்டைவிட மிகக் குறைந்த செலவில் கூடுதற் பயன் தரும். சப்பாத்துப் பாலத்தின் மேல் நீர் வேகமாக ஓடும்போது எந்த உயரமும் உதவாது; காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. கடற்கரை மணலில் புதைவதற்கும் மருந்து உயரமன்று. டயர்க் காற்றை 16 அல்லது 18 பீஎஸ்ஐ அளவுக்கு இறக்கி, மெதுவாக ஓட்டி, தார் வீதிக்கு ஏறும்போது மீண்டும் நிரப்பினாற் போதும்.

திருகோணமலையில் வாகனம் வைத்திருப்போர் கிட்டுக்கு முற்பணம் கொடுப்பதற்கு முன் செய்துபார்க்க வேண்டிய சோதனை ஒன்று உண்டு. பல கெப்புகளில், முன் கீழ் ஆர்ம்களின் உட்புறத்தில், வீல் எலைன்மென்ட்டை, அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணத்தை, சரிசெய்வதற்கான போல்ட்டுகள் உள்ளன. உயர்த்திய எந்த வாகனத்துக்கும் சக்கரங்களின் சாய்வு மாறிவிடுவதால், இந்தப் போல்ட்டுகளைத் திருப்பியே அதனைச் சரிசெய்ய முடியும். கடற்காற்றும், மீன் பெட்டிகளிலிருந்து வடியும் உப்புநீரும் பட்ட நம் வாகனங்களில், இந்தப் போல்ட்டுகள் புஷ்ஷின் உட்குழாயோடு துருப்பிடித்து ஒன்றாகிவிடுகின்றன. கிட்டைப் பொருத்திய பின்னர் இது தெரியவந்தால், போல்ட்டை அறுத்து, ஆர்மின் புஷ்களையும் மாற்ற வேண்டிவரும். அதுவரை புதிய டயர்கள் ஒருபக்கமாகத் தேய்ந்துகொண்டிருக்கும். ஆகவே முதலில் அவை திரும்புகின்றனவா என்று பாருங்கள். திரும்பாவிட்டால் அவற்றுக்கான செலவையும் கிட்டின் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். பின்னாளில் வாரத்துக்கு ஒருமுறையாவது நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவுவது ஸ்பிரிங் தகடுகளின் ஆயுளைக் கூட்டும்.

ஷொக் வகைகளைப் பற்றி அதிகம் குழம்பத் தேவையில்லை. பெரும்பாலும் தார் வீதியில் ஓடுவோருக்கு வாயு நிரப்பிய சாதாரண இரட்டைக் குழாய் ஷொக் போதும். கிரவல் பாதையில் பாரத்துடன் நீண்ட தூரம் ஓடுவோருக்கு, எண்ணெய் சூடாகி அடக்கும் திறன் தளராதபடி பெரிய விட்டமுள்ள ஷொக் நல்லது. இறக்குமதி செய்யப்பட்ட பழைய வாகனங்களிலிருந்து கழற்றிய ஸ்பிரிங்குகளையும் ஷொக்குகளையும் மலிவு என்பதற்காக மட்டும் வாங்காதீர்கள். அவற்றில் எஞ்சியிருக்கும் ஆயுளைக் கண்ணால் பார்த்து அறிய முடியாது.

செசியோடு தொடர்புடைய மாற்றம் என்பதால், வேலை தொடங்குவதற்கு முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடமும் உங்கள் காப்புறுதி நிறுவனத்திடமும் கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். விபத்துக்குப் பிறகு இதைப் பற்றி முதன்முறையாகப் பேச நேர்வது மிகுந்த துன்பம் தரும்.

பொருத்தும் நாளில், புஷ் போல்ட்டுகளின் இறுதி முறுக்கு வாகனம் தன் சக்கரங்களில் நிற்கும்போதே கொடுக்கப்பட வேண்டும். ஜாக்கியில் தொங்கும் நிலையில் இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் புஷ் முறுகிய நிலையிலேயே இருந்து விரைவிற் கிழியும். பழைய யூ போல்ட்டுகளை மீண்டும் பயன்படுத்த விடாதீர்கள். ஒருமுறை இழுபட்டு இறுகியவை மறுமுறை அதே பிடியைத் தரமாட்டா. வீல் எலைன்மென்ட் செய்து, எதிரே வருவோரின் கண்ணில் ஒளி அடிக்காதபடி முன்விளக்குகளைத் தாழ்த்தி, முன்பு குறித்துவைத்த நான்கு அளவுகளோடு புதிய அளவுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். 500 கிலோமீற்றர் ஓடியதும் கராஜுக்குத் திரும்பிச் சென்று, யூ போல்ட்டுகள் உட்பட எல்லாவற்றையும் டோர்க் ரெஞ்சால் மீண்டும் இறுக்கிக்கொள்ளுங்கள். அதே நாளில் சீவி ஜொயின்ட்டுகளின் ரப்பர் உறைகளையும் விளக்கடித்துப் பார்த்துவிடுங்கள்.